திருப்பி அனுப்புவதும் ஏற்றுமதிதான்

கோலாலம்பூர் செகாம்புட்டில் எங்களுடையது சின்ன நிறுவனம். இராணுவக் கவச வாகனங்களுக்கு உதிரிப் பாகங்கள் வாங்கிக் கொடுப்பதும் எங்கள் தொழிலில் ஒரு பகுதி. நிதி அமைச்சில் பதிவு, துறைக் குறியீடு, விலைப்புள்ளி என்று எதைக் கேட்டாலும் சொல்லித்தர ஆள் உண்டு. தவறாக வந்த சரக்கைத் திருப்பி அனுப்புவது எப்படி என்று கேட்டுப் பாருங்கள், எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

எங்களுக்கு வந்தது டார்ஷன் பார். சங்கிலிப் பட்டையில் ஓடும் வண்டியின் அடியில் குறுக்கே கிடக்கும் எஃகுத் தண்டு அது. சக்கரம் மேடேறும்போது முறுகிக்கொடுத்து அதிர்வைத் தாங்கும். தொழிற்சாலையிலேயே ஒரு திசையில் முறுக்கிப் பழக்கிவிடுவதால் இடப்பக்கத்துத் தண்டை வலப்பக்கம் பொருத்தக் கூடாது. முனையில் குத்தியிருக்கும் அம்புக்குறிதான் பக்கத்தைச் சொல்லும். நாங்கள் கேட்டது பாதிக்குப் பாதி. எண்ணெய்க் காகிதத்தை உரித்து, பல்வெட்டு முனைகளைத் துடைத்துப் பார்த்தால், எல்லா அம்புகளும் ஒரே பக்கம்! பாக எண்களில் கடைசி இலக்கம் மட்டுமே வேறு. அனுப்பியவர் கண்ணுக்கு அது படவில்லை.

வெளிநாட்டு விற்பனையாளர் தகராறு செய்யவில்லை. "அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம்" என்றார். கிள்ளானில் எங்கள் சுங்க முகவர்தான் கையை விரித்தார்: "தம்பி, லோரி சாமான் என்றால் நாளைக்கே ஏற்றிவிடுவேன். இதற்கு மித்தி பெர்மிட், அதாவது வர்த்தக அமைச்சின் அனுமதி, கொண்டு வாருங்கள்."

2010ஆம் ஆண்டு வியூக வர்த்தகச் சட்டத்தில், பெர்மிட் இல்லாமல் ஏற்றுமதி செய்யக் கூடாத பொருட்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் இராணுவத் தரைவாகனங்களும் அவற்றுக்கென்றே வடிவமைத்த பாகங்களும் எம்எல்6 என்ற பிரிவில் வருகின்றன. விற்பனையா, பழுதுபார்ப்பா, மாற்றிக்கொள்வதா என்பது சட்டத்துக்குப் பொருட்டில்லை. நாட்டை விட்டு வெளியே போனால் அது ஏற்றுமதி.

அலுவலகத்தில் ஒருவர், "இது ஒருவகை ஸ்பிரிங்தானே, சுங்கக் குறியீட்டை 7320 என்று போட்டுவிடலாம்" என்றார். டார்ஷன் பாரைச் சுங்க வகைப்பாடு ஸ்பிரிங்கோடு சேர்ப்பதில்லை. கவச வாகனப் பாகத்துக்கு உரிய தலைப்பு 8710. அது போக, சுங்கக் குறியீடு வேறு, வியூகப் பட்டியல் வேறு. உதாரணத்துக்கு, ஒரு ரப்பர் வளையம் சுங்கத்தில் 4016 என்ற தலைப்பில் போகலாம். ஆனால் கவச வாகனத்துக்கென்றே வடிவமைத்ததாக இருந்தால் பெர்மிட் கேள்வி அப்படியே நிற்கும். குறியீட்டை மாற்றித் தப்பிக்கலாம் என்று யோசனை சொல்பவரை நான் கிட்டவே சேர்ப்பதில்லை.

விண்ணப்பம் இணையவழிதான், அதில் பெரிய சிரமமில்லை. கொள்முதல் ஆணை, வரைபடம், பழைய இன்வாய்ஸ் எல்லாம் கையில் இருந்தன. இழுத்தடித்தது இறுதிப் பயன்பாட்டு உறுதிமொழி. பொருளைப் பெறுபவர் அதை என்ன செய்யப்போகிறார், வேறு யாருக்கும் கைமாற்ற மாட்டாரா என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். "நாங்கள் செய்த பொருள், நாங்களே என்ன உறுதி கொடுப்பது?" என்று அந்த வெளிநாட்டு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவுக்காரர் சிரித்தார். முதலில் வெறும் மின்னஞ்சல் வந்தது. அடுத்து கடிதம் வந்தது, பொறுப்பாளர் பெயரில்லை. நிறுவனத் தாளில், பதவியும் முத்திரையுமாகச் சரியான கடிதம் வந்த பிறகே பெர்மிட் கிடைத்தது.

இப்போதெல்லாம் கொள்முதல் ஆணையிலேயே இரண்டு வரி சேர்த்துவிடுகிறேன்: பெட்டியை மூடுமுன் ஒவ்வொரு முனையின் படமும் வர வேண்டும், திருப்ப நேர்ந்தால் உறுதிமொழிக் கடிதம் தருவது விற்பவர் பொறுப்பு. முதல் வரிக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. இரண்டாவதற்குத்தான் பேரம் நடக்கிறது.