போல்காட்டி: கோல்ஃப் புல்வெளியில் நம்ம ஊர்த் தளவாயின் கதை

கொச்சியில் இருக்கும் போல்காட்டித் தீவுக்குப் போய் வந்தேன். ஆட்டோக்காரர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், கோபம் இன்னும் ஆறவில்லை. எர்ணாகுளம் நார்த் ஸ்டேஷனிலிருந்து ஹைகோர்ட் படகுத்துறைக்கு 200 ரூபாய் கேட்டார். எட்டிப் பிடிக்கிற தூரம்! என் தமிழைக் கேட்டதுமே வாயில் வந்த விலை அது. நாகர்கோவில்காரனுக்கு மலையாளம் தெரியாதா என்ன? "மீட்டர் போடுங்க சேட்டா" என்று அவர் பாஷையிலேயே சொன்னதும் 120க்கு வந்தார். அதுவும் அநியாயம்தான். பரசுராம் எக்ஸ்பிரஸில் விடியுமுன் ஏறி, அன்ரிசர்வ்டில் இடிபட்டு மிச்சம் பிடித்த காசு இப்படிப் போகலாமா? டவுன் பஸ் இருக்கிறது, விசாரித்து ஏறிவிடுங்கள்.

வாட்டர் மெட்ரோவில் உட்கார்ந்ததும் எரிச்சல் போய்விட்டது. 2023 ஏப்ரலில் ஆரம்பித்த சேவை. குறைந்தபட்ச டிக்கெட் 20 ரூபாய். பேட்டரியில் ஓடும் ஏசி படகு, செய்ததும் கொச்சி கப்பல் கட்டும் தளத்திலேயே. சத்தமே இல்லை. காயலில், அதாவது உப்பங்கழியில், இந்த விலைக்கு இப்படியொரு சவாரி வேறெங்கும் கிடைக்காது. மெரைன் டிரைவில் டூரிஸ்ட் படகுக்காரர்கள் கூப்பிடுவார்கள், நின்றுவிடாதீர்கள்.

இறங்கிய இடம் போல்காட்டி. முளவுகாடு பஞ்சாயத்தைச் சேர்ந்த தீவு. உள்ளூர்க்காரர்களுக்கு இது போஞ்ஞிக்கரை. நான் வந்ததே இங்கிருக்கும் ஒன்பது குழி கோல்ஃப் மைதானத்துக்காகத்தான். கோல்ஃப் மட்டையை நான் கையில் தொட்டதுகூட இல்லை. ஆனால் ஒரு தீவுக் கிராமத்தில் இந்த ஆட்டம் எப்படி வந்து உட்கார்ந்தது என்று தெரிந்துகொள்ள ரொம்ப நாளாக ஆசை.

கதை டச்சுக்காரர்களிடம் தொடங்குகிறது. 1663இல் கொச்சிக் கோட்டையைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்த அவர்கள், 1744இல் இந்தத் தீவில் ஒரு மாளிகை கட்டினார்கள். 1795இல் கொச்சி ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிறகு மாளிகை பிரிட்டிஷ் ரெசிடென்டின், அதாவது சமஸ்தானத்தில் ஆங்கிலேயர் வைத்த பிரதிநிதியின், வாசஸ்தலமானது. வெள்ளைக்காரர்கள் நிலையாகத் தங்கிய இடமெல்லாம் கோல்ஃப் வந்துவிடும். கல்கத்தாவில் 1829லேயே கிளப் ஆரம்பித்துவிட்டார்கள், நம்ம கொடைக்கானலில் 1895இல். இங்கே ரெசிடென்ட் மாளிகையை ஒட்டி, காயலோரத் தட்டை நிலம் தயாராகவே கிடந்தது. ஒன்பது குழிதான் என்பதால் பதினெட்டுக் குழி கொண்ட முழு ஆட்டம் ஆட மைதானத்தை இரண்டு சுற்று வர வேண்டும். சின்னத் தீவில் பதினெட்டுக்கு இடம் ஏது?

எனக்கு மெய்சிலிர்த்தது வேறொரு விஷயத்தில். 1808 டிசம்பரில், திருவிதாங்கூர் தளவாய் (தலைமை மந்திரி) வேலுத்தம்பியும் கொச்சி மந்திரி பாலியத்து அச்சனும் கைகோர்த்தார்கள். ரெசிடென்ட் மெக்காலேயைப் பிடிக்க அவர்களுடைய ஆட்கள் ராத்திரியில் ரெசிடென்சிக்குள் புகுந்தார்கள். மெக்காலே ஒளிந்திருந்து, படகில் தப்பிக் கப்பலேறிவிட்டார். அடுத்த மாதமே ஆங்கிலேயரை எதிர்த்து எழச் சொல்லி வேலுத்தம்பி வெளியிட்ட குண்டறை விளம்பரம் என்ற அறிக்கை, அப்புறம் போர், தளவாயின் முடிவு. அந்த வேலுத்தம்பி பிறந்த தலக்குளம் இன்றைக்கு எங்கள் கன்னியாகுமரி மாவட்டம். எங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வரும் தூரம். புல்வெளியில் நின்றபோது அதுதான் மனசு முழுக்க ஓடியது. நான் சுற்றிய பக்கமெல்லாம் அந்த ராத்திரியைப் பற்றி ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை. கட்டாயம் வைக்க வேண்டும், தமிழிலும் வைக்க வேண்டும்.

மாளிகை இப்போது கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல். தங்குவது என் பட்ஜெட்டுக்கு ஆகாது. வெளியே வந்து, சாலையோரச் சின்னக் கடை ஒன்றில் சாப்பிட்டேன். ஐயோ, அந்தச் சாப்பாடு! மரச்சீனிக் கிழங்கை மஞ்சளும் தேங்காயும் போட்டுக் குழைய மசித்து, பக்கத்தில் சாளை மீன் கறி. எங்கள் வீட்டில் வாளம்புளி கரைத்து வைப்பார்கள், இங்கே குடம்புளி. முந்தின நாள் வைத்த கறியாம், புளிப்பும் காரமும் மீனுக்குள் இறங்கியிருந்தது. இரண்டாவது தடவை கறி ஊற்றியதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. மொத்தமே 90 ரூபாய். ஆட்டோவுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு!

பரிமாறிய அம்மச்சிதான் பாலத்துக்கு முந்தைய காலத்தைச் சொன்னார். பிரசவ வலி வந்தாலும் படகு, பள்ளிக்கூடத்துக்கும் படகு, மழையில் காற்றடித்தால் அதுவும் கிடையாது. சுற்றிலும் தண்ணீர், குடிக்க நல்ல தண்ணீருக்குத்தான் பஞ்சம். தீவுகளை எர்ணாகுளத்தோடு இணைக்கும் கோஸ்ரீ பாலங்கள் வந்தது 2004இல்தான். அதற்கென்றே 1994இல் ஒரு ஆணையம் அமைத்து, காயலில் மண் போட்டு நிலமாக்கி, அதை விற்ற பணத்தில் கட்டினார்கள். எர்ணாகுளம் எதிர்க்கரையில் கண்ணெதிரே தெரிகிறது! வெள்ளைக்காரன் பந்தடிக்கப் புல் வளர்த்துப் பராமரித்த தீவில், ஊர்க்காரர்கள் நடந்து கரையேற இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. எனக்கு இது பொறுக்கவே இல்லை. போல்காட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் மாளிகையோடு நிறுத்தாமல் இதையும் எழுத வேண்டும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் வல்லார்பாடம் மாதா கோவில். அங்கிருந்து அடுத்த தீவான வைப்பினுக்கு பஸ் பிடித்தேன். போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மதிய வெயிலில் அந்தப் பாலத்தில் நடக்க முடியாது. மத்தியானத்துக்கு மேல் போனால் அம்மச்சி கடையில் சாளைக் கறியும் தீர்ந்துவிடுமாம்.