முப்பதா, அறுபதா?

இன்னொருவருக்குப் பொருத்துவதற்காக மூளைச்சாவு அடைந்தவரின் வயிற்றைத் திறந்ததும், கல்லீரலை முதலில் எடைபோடுவது கண், அப்புறம் கை. நல்ல கல்லீரல் செம்பழுப்பாக இருக்கும். ஓரம் கூர்மையாக இருக்கும், விரலால் மடக்கினால் மடங்கும். கொழுப்பு ஏறியது மஞ்சளடித்து, ஓரம் மழுங்கி, மடக்க வராமல் விறைத்து நிற்கும். இதைத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் பின்னால் வந்தவர்களுக்கு அப்படியேதான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அறுவை அரங்கில் எங்கள் பேராசிரியர், "எத்தனை சதவீதம் கொழுப்பு இருக்கும்?" என்றார்.

"முப்பது இருக்கும் சார்."

"எப்படித் தெரியும்?"

பதில் வரவில்லை. "தெரியும் சார்" என்றுதான் சொல்லத் தோன்றியது. அந்தப் பதில்தான் என்னை ஆராய்ச்சியில் கொண்டுபோய்த் தள்ளியது.

அந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று சொல்லிவிடுகிறேன். கல்லீரல் செல்லுக்குள் பெரிய துளிகளாகத் தேங்கும் கொழுப்புதான் எங்களுக்குத் தலைவலி. அது 30 சதவீதத்துக்குள் என்றால் பெரும்பாலும் யோசிக்காமல் எடுத்துக்கொள்வோம். 60-ஐத் தாண்டினால் பெரும்பாலான குழுக்கள் வேண்டாம் என்றுவிடும். நடுவில் இருப்பதுதான் சிக்கல். ரத்த ஓட்டம் நின்றதும் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். பெறுபவரின் உடலில் வைத்து ரத்தத்தைத் திறந்துவிட்டதும் அது ஒரேயடியாக எரிந்து, ஆக்சிஜன் நச்சுகளைக் கக்கும். கொழுப்பு ஏறிய கல்லீரல் இந்த அடியைத் தாங்குவது கஷ்டம். தாங்காவிட்டால் சில நாட்களுக்குள் அவருக்கு இன்னொரு கல்லீரல் வேண்டும். அதற்காக எடுக்காமல் விட்டாலோ, காத்திருக்கும் ஒருவர் பட்டியலிலேயே இறந்துபோகலாம். எடுத்து வைத்து வேலை செய்யாத கல்லீரல் என் கணக்கில் வரும். வேண்டாமென்று விட்டது யார் கணக்கிலும் வராது.

ஆய்வுத் திட்டத்தின் முதல் வரைவு நாற்பது பக்கம். மரபணு, பித்தநீர், ரத்தப் புரதம் என்று உலகத்தில் இருந்த எல்லாவற்றையும் அளக்கப் போவதாக எழுதியிருந்தேன். பேராசிரியர் பேனாவால் முக்கால்வாசியை அடித்தார். "ஒரு கேள்வி கேளு. பதில் வர்ற கேள்வியா கேளு." மிஞ்சியது இவ்வளவுதான்: அறுவை மருத்துவரின் கண் சொல்வதும் நுண்ணோக்கி சொல்வதும் ஒத்துப்போகிறதா? பக்கத்திலேயே, பிற்பாடு ஆராய்வதற்கு ஒரு துண்டுத் திசு உறைநிலையில். அவ்வளவு சின்னக் கேள்வியா என்று அப்போது எனக்கு அவமானமாகக்கூட இருந்தது.

நெறிமுறைக் குழு மூன்று முறை திருப்பி அனுப்பியது. முதல் இரண்டு தடவை எரிச்சல்பட்டேன், மூன்றாவது தடவைதான் விஷயம் புரிந்தது. தானம் கொடுத்தவர் இறந்துவிட்டார். குடும்பம் சம்மதித்தது இன்னொருவருக்குப் பொருத்துவதற்கு, என் ஆராய்ச்சிக்கு இல்லை. சரி, பெறுபவரிடம் கேட்கலாம் என்றால், நடுராத்திரியில் "கல்லீரல் கிடைத்திருக்கிறது, உடனே வாருங்கள்" என்று கூப்பிட்டு வரவழைத்தவரிடம் படிவத்தை நீட்டுவது சம்மதமா? குழுவில் இருந்த வழக்கறிஞர் அம்மா கேட்டார்: "அந்த நேரத்துல நீங்க சொத்துப் பத்திரத்த நீட்டினாலும் கையெழுத்துப் போடுவாரே, டாக்டர்?" அதற்கப்புறம் பட்டியலில் பதியும் நாளிலேயே, பகலில், நிதானமாக ஒப்புதல் வாங்குவது என்று மாற்றினோம். தானக் குடும்பத்திடம் ஒருங்கிணைப்பாளர்தான் பேசுவார். பொருத்தும் குழுவில் இருக்கும் நான் அந்த அறைக்குள் போகவே கூடாது.

போனதும் இல்லை. ஆனால் ஒரு ராத்திரி ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். "டாக்டர், அந்த அம்மா ஒண்ணு கேக்குறாங்க. ஆராய்ச்சிக்குன்னு வெட்டி எடுத்தா, வாங்கிக்கிறவருக்குக் கொறஞ்சு போயிடாதான்னு." கணவர் வென்டிலேட்டரில் இருக்கிறார், மூளைச்சாவு என்று அறிவித்து சில மணி நேரம்தான் ஆகிறது. கல்லீரல் ஏறக்குறைய ஒன்றரை கிலோ இருக்கும், நாங்கள் எடுப்பது ஊசிப் பருமனில் ஒரு நூல் துண்டு என்று சொன்னேன். சம்மதித்தார். அந்தத் துண்டை வைத்த குப்பியின் எண் எனக்கு இன்னும் மனப்பாடம்.

வேலை தொடங்கிய முதல் மாதமே, திசுவை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லும் பேத்தாலஜிஸ்ட்டிடம் திட்டு வாங்கினேன். துண்டு காயாமல் இருக்கட்டும் என்று உப்புநீரில் போட்டு அனுப்பியிருந்தேன். உறைய வைத்து வெட்டும்போது அந்த நீர் பனிக்கட்டியாகி, திசுவில் ஓட்டை ஓட்டையாக விழுந்துவிட்டது. "இது கொழுப்பா, உங்க உப்புத்தண்ணி போட்ட ஓட்டையா? நீங்களே சொல்லுங்க." கொழுப்பும் நுண்ணோக்கியில் வெற்று வட்டமாகத்தான் தெரியும் என்பது எனக்குப் பாடப்புத்தகத்தில் மட்டும் தெரிந்த சங்கதி. போகப் போக இன்னொன்றும் தெரிந்தது. ஒரே கண்ணாடித் தகட்டை இரண்டு பேத்தாலஜிஸ்ட்கள் பார்த்தால் இரண்டு எண் வரும். ஒருவர் பெரிய துளியை மட்டும் எண்ணுவார், இன்னொருவர் பொடித்துளியையும் சேர்த்துக்கொள்வார். என் கண்ணை எதோடு ஒப்பிட வந்தேனோ, அந்த அளவுகோலே ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யவே அரை வருடம் போனது.

அப்புறம் ஃப்ரீசர். மைனஸ் 80 டிகிரியில் வைத்திருந்த திசுக்கள் ஒரு நீண்ட விடுமுறையில் மின்சாரம் போய் உருகிவிட்டன. எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது, பூட்டிய அறைக்குள். பேராசிரியர் ஆறுதலாக, கல்லீரல் மாற்று அறுவையின் முன்னோடியான அமெரிக்க மருத்துவர் ஸ்டார்ஸ்லின் கதையைச் சொன்னார். 1963-ல் அவர் முதன்முதலில் கல்லீரல் பொருத்திய குழந்தை மேசையிலேயே ரத்தப்போக்கில் இறந்தது. ஒரு வருடத்துக்கு மேல் வாழ்ந்த நோயாளியைப் பார்க்க அவர் 1967 வரை போராட வேண்டியிருந்தது. எனக்கு ஆறுதல் வரவில்லை. உருகிய பெட்டியில் அந்த நூல் துண்டும் இருந்தது.

போதாதென்று 2018-ல் நேச்சர் அறிவியல் இதழில் ஒரு கட்டுரை வந்தது. கல்லீரலை ஐஸில் வைக்காமல், உடல் வெப்பத்தில் ரத்தம் ஓடவிட்டு இயந்திரத்தில் வைத்திருக்கிறார்கள். 220 பொருத்தங்களில் ஒப்பிட்டுப் பார்த்ததில், பயன்படுத்தாமல் ஒதுக்கிய கல்லீரல்கள் பாதியாகக் குறைந்திருந்தன. லாக்டேட் என்ற கழிவை அகற்றுகிறதா, பித்தநீர் சுரக்கிறதா என்று நேரிலேயே பார்த்துவிடலாம் என்றால், என் கேள்வியை இனி யார் கேட்கப்போகிறார்கள்? ஒரு வாரம் கோப்பைத் தொடவே இல்லை. பிறகுதான் உறைத்தது: எதை இயந்திரத்தில் ஏற்றுவது, எதை அங்கேயே விட்டுவிட்டு வருவது என்று தீர்மானிப்பது இன்னமும் வயிற்றைத் திறந்தவரின் கண்தான்.

ஆய்வு முறை எளிமையானது. திசுத் துண்டின் பயாப்சி முடிவு வருவதற்கு முன் என் மதிப்பீட்டை ஒரு சீட்டில் எழுதி, உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். கடைசியில் எல்லா உறைகளையும் பிரித்தோம். கொழுப்பே இல்லாததையும் மிக அதிகமாக இருந்ததையும் சரியாகத்தான் சொல்லியிருந்தேன். நடுவில் இருந்தவற்றில் என் கண்ணுக்குப் பதில் நாணயத்தைச் சுண்டியிருக்கலாம். அதுகூட எதிர்பார்த்ததுதான். புள்ளியியல் பார்த்த பெண் தயங்கித் தயங்கி இன்னொரு அட்டவணையைக் காட்டினார். பெறப்போகிறவர் மிகவும் மோசமான நிலையில் இருந்த இரவுகளில் நான் எழுதிய எண், நுண்ணோக்கியின் எண்ணைவிடக் குறைவு. ஐசியூவில் யார் படுத்திருக்கிறார் என்பது தெரிந்தே கல்லீரலைத் தொட்டிருக்கிறேன். வேண்டும் என்று நினைத்ததும் மஞ்சள் கொஞ்சம் வெளிறித் தெரிந்திருக்கிறது. பொய் எழுதவில்லை. அப்படித்தான் பார்த்தேன்.

அந்த அட்டவணையைக் கட்டுரையில் சேர்க்கலாமா என்று பேராசிரியரிடம் கேட்டேன். "அது மட்டும்தான்யா புதுசு" என்றார்.

இரண்டு இதழ்கள் நிராகரித்தன. ஒரே மருத்துவரின் கண்ணை வைத்து எப்படிப் பொதுவாகச் சொல்வது என்று ஒரு மதிப்பாய்வாளர் கேட்டிருந்தார், நியாயமான கேள்வி. மூன்றாவது இதழ் பாதியாகக் குறைக்கச் சொல்லி ஏற்றுக்கொண்டது. ஆக்சிஜன் ஏற்றிய குளிர்த்திரவத்தைக் கல்லீரலுக்குள் ஓடவிடும் முறை பித்தக்குழாய் அடைப்புகளைக் குறைக்கிறது என்று 2021-ல் ஓர் ஆய்வு வந்தது. அதற்குப் பிறகு எங்கள் குழுவின் கவனம் இயந்திரங்கள் பக்கம் போய்விட்டது, என்னுடையதும்தான்.

உறைகளை மட்டும் விடவில்லை. இப்போது குழுவில் நான்கு பேர் எழுதுகிறோம். பெறுபவர் யார் என்று தெரியாத ஒருவர் அதில் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது புது விதி. அடுத்த வாரம் நெறிமுறைக் குழுவுக்குப் புதுப்பிப்பு விண்ணப்பம் போட வேண்டும். ஃப்ரீசரின் எச்சரிக்கை மணி யார் போனில் அடிக்கும் என்று ஒரு வரி கேட்டிருக்கிறார்கள். என் எண்ணைத்தான் எழுதியிருக்கிறேன்.