தெமோதரையில் ஒரு பூச்சியம்

அக்காவின் மகனுக்கு விஞ்ஞானப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பதுளைக்குப் போகும் என்னோடு அவனையும் அனுப்பும்போது, "வழியில் அந்த இயக்கப் பாடத்தைக் கொஞ்சம் சொல்லிக்கொடு" என்று அக்கா கொப்பியைக் கையில் திணித்தாள். ஹட்டனில் ரயில் ஏறினோம். யன்னலோரம் கிடைத்தவன் கொப்பியைத் திறப்பானா?

நானுஓயா தாண்டும்வரை நானும் வற்புறுத்தவில்லை. பட்டிப்பொலப் பெயர்ப்பலகையைப் பார்த்து அவனே தொடங்கினான். இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் அது, 6,226 அடி. "எதிலிருந்து மாமா 6,226?" நல்ல கேள்வி. கடல் மட்டத்திலிருந்து. பனியில் நடுங்கிக்கொண்டு நிற்கும் நிலையத்துக்கும் கணக்கு கடலில்தான் தொடங்குகிறது. எங்கிருந்து அளக்கிறோம் என்று சொல்லாவிட்டால் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதற்கு அர்த்தமே இல்லை.

அந்த நேரம் பார்த்து வடைக்காரர் முன் பெட்டியிலிருந்து பின்னால் போனார். எங்களுக்கு அவர் பின்னால் நடக்கிறார். வெளியே தேயிலைக்குள் நிற்பவருக்கோ அவரும் வடைக்கூடையும் பதுளையை நோக்கித்தான் போகிறார்கள், எங்களைவிடச் சற்று மெதுவாக. இதைச் சொல்லிமுடிப்பதற்குள் பையன் இரண்டு இறால் வடை வாங்கியிருந்தான்.

ஒரு சின்னத் தொல்லை. இந்தியத் தமிழ் வீடியோக்களைப் பார்த்துவிட்டு அவன் குழம்பியிருந்தான். எவ்வளவு விரைவாகப் போகிறது என்பதைத் திசையைக் கணக்கில் எடுக்காமல் சொன்னால் இலங்கையில் நாம் கதி என்கிறோம், திசையோடு சொன்னால் வேகம். அங்கே கதிக்குப் பெயர் வேகம். நம் வேகம் அவர்களுக்குத் திசைவேகம். நல்லவேளை, இடப்பெயர்ச்சி இரு கரையிலும் இடப்பெயர்ச்சிதான்: தொடங்கிய புள்ளியிலிருந்து முடிந்த புள்ளிக்கு நேர்கோடு, அதன் திசையோடு. நடந்த வளைவு நெளிவெல்லாம் தூரத்தின் கணக்கு.

"அப்படியானால் நாளைக்கு ஹட்டனுக்கே திரும்பினால் இடப்பெயர்ச்சி பூச்சியம். பிறகு ஏன் டிக்கெட்டுக்குக் காசு?"

ரயில்வே தூரத்துக்குத்தான் காசு வாங்குகிறது என்றேன்.

எல்ல கடந்து ஒன்பது வளைவுப் பாலத்தில் எல்லோரும் கைபேசியை நீட்டி முடித்த பிறகு தெமோதரை வந்தது. எனக்குப் பிடித்த இடம் இதுதான். நிலையத்தை விட்டுப் புறப்படும் ரயில் குன்றை ஒரு சுற்றுச் சுற்றி, அதே நிலையத்துக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டிய ஒரு கங்காணியைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அந்தத் தலைப்பாகையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

சுற்றுவதற்குக் காரணம் சரிவு. இந்த மலைப்பாதையின் கடுஞ்சரிவே 44க்கு 1தான். அதாவது ஓரடி கீழே இறங்க 44 அடி ஓட வேண்டும். நேராக இறங்க இடமில்லாத மலையில் தண்டவாளத்தைச் சுருட்டித்தான் நீளத்தைச் சம்பாதிக்க முடியும்.

"புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். இடப்பெயர்ச்சி எவ்வளவு?" என்றேன், சுரங்க இருட்டில், பெரிய வாத்தியார் போல. "பூச்சியம்" என்றான். "சரி" என்றேன்.

வெளிச்சம் வந்ததும் கொப்பியில் 0 என்று எழுதினான். எழுதிவிட்டு யன்னலால் மேலே எட்டிப் பார்த்தான்.

"மாமா, ஸ்டேஷன் நமக்கு மேலேதானே இருந்தது?"

எனக்கு வடை தொண்டையில் நின்றது. கிழக்கு மேற்கில் பூச்சியம், வடக்கு தெற்கில் பூச்சியம். மேல் கீழை நான் மறந்தே போனேன். அத்தனை தூரம் சுற்றி ஓடியதெல்லாம் அந்த இறக்கத்துக்காகத்தானே!

அவன் 0 ஐ அழித்துவிட்டு, ஆடும் பெட்டிக்குள் பென்சிலை இறுக்கிப் பிடித்து, கீழ்நோக்கி ஒரு சின்ன அம்புக்குறி போட்டான். பக்கத்தில் "மாமா பிழை" என்றும் எழுதினான். அதை அழிக்கச் சொல்லி ஹாலிஎல வரைக்கும் கெஞ்சினேன்.