திருவொற்றியூர் வீட்டு வாசலில் செடி மறைப்பு: இதுவரை

2021-ல் வட சென்னையில் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்த பிறகு எங்கள் தெருவில் காலை முதல் ராத்திரி வரை ஆள் நடமாட்டம்தான். காம்பவுண்டு சுவர் மூன்றடி. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அம்மா கீரை ஆய்ந்தால் போகிற வருகிறவர்கள் கண்ணெல்லாம் உள்ளேதான். சுவரை ஏழடிக்கு ஏற்றிவிடலாம் என்றார் மேஸ்திரி. பச்சை வலை கட்டச் சொன்னவர்களும் உண்டு. எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. மீன்காரம்மா கூடையை இறக்குவது எங்கள் கேட்டில். பக்கத்து வீட்டு அக்கா சுவரில் கை ஊன்றிப் பேசாமல் ஒரு நாள் போகாது. இதையெல்லாம் விட்டுவிட்டு மறைப்பு எதற்கு?

அதனால் செடி வாங்கும் முன் அம்மாவை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, தெருவில் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்து பார்த்தேன். முகம் தெரிகிற இடங்களில் எல்லாம் சுவரில் சாக்பீஸ் கோடு. கேட்டுக்கு இடப்பக்கம் மட்டும்தான் கோடு விழுந்தது. நடக்கிறவர் கண் ஐந்தடி உயரத்தில், உட்கார்ந்தவர் கண் நாலடிக்குள். சுவரோரம் மறைக்க வேண்டுமென்றால் நீளமாகவும் உயரமாகவும் வேலி வேண்டும். நாற்காலிக்குக் கிட்டே வைத்தால் நாலரை அடியில் நாலைந்து செடி போதும். மற்ற இடத்தை அப்படியே திறந்து விட்டுவிடலாம்.

எந்தச் செடி என்பதில்தான் நிறைய யோசித்தேன். அரளி உப்புக்காற்றுக்கு அசராது, ஆனால் செடி முழுக்க நஞ்சு. குழந்தைகள் வந்து போகிற வாசலில் வேண்டாம். காகிதப்பூவின் முள் புடவையைப் பிடித்து இழுக்கும். மூங்கிலை சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) பக்கத்தில் நினைக்கவே கூடாது. கடைசியில் நந்தியாவட்டை. அரை நிழலிலும் வரும், ஒடித்தால் பால் வடிகிற செடி என்பதாலோ என்னவோ, தெரு ஆடுகள் இதுவரை வாய் வைக்கவில்லை. வெயில் தணிந்து ஆடியில் நட்டேன். நேர்கோட்டில் இல்லை, கேட்டுப் பக்கம் லேசாக வளைத்து. யார் வந்து நிற்கிறார்கள் என்பது உள்ளேயிருந்து அம்மாவுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் மண் வெறும் மணல், போர் தண்ணீரோ உப்பு. தினமும் அதை ஊற்றினால் மண் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும், இலை ஓரம் பழுப்பாகிக் கருகும். மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) வருகிற நாளில் வேருக்குக் கீழே இறங்குமளவு நிறைய விட்டால் அந்த உப்பும் சேர்ந்து இறங்குகிறது. ஈரம் நிற்க தென்னைநார்க் கழிவு சேர்த்தேன். அதிலும் உப்பு இருக்கும், ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்துதான் மண்ணில் கலக்க வேண்டும்.

வெட்டும்போது அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் விட வேண்டும். தலை அகலமானால் கீழே வெளிச்சம் படாது, அடி இலை கொட்டி ஓட்டையாகிவிடும். உட்காருகிறவருக்கு அந்த அடிப்பகுதி அடர்த்தியாக இருப்பதுதான் முக்கியம்.

கேட்டுக்கு இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் இட்லிப்பூ. தெருவிலிருந்து பார்த்தால் கோலமும் நிலைக்கதவும் நன்றாகத் தெரிகிறது. மழைநீர் சேகரிப்புக் குழி மேல் மட்டும் ஒன்றும் வைக்கவில்லை, கூழாங்கல்தான். சுவரோரம் ஏற்கெனவே இருந்த செம்பருத்தியைக் கிளை வெளியே தொங்கும்படி விட்டுவிட்டேன். காலையில் கோயிலுக்குப் போகிற ஒரு பெண் தினமும் கேட்பார்:

"அம்மா, சாமிக்கு ரெண்டு பூ பறிச்சுக்கவா?"

"பறிச்சுக்கோம்மா, மொட்டை மட்டும் விட்டுடு." பதில் செடிக்குப் பின்னாலிருந்து வரும்.

இப்போது மறைப்பு அம்மாவின் தோள் வரை வந்திருக்கிறது. நடுவில் ஒரு செடி மட்டும் பின்தங்கியிருக்கிறது, அதற்கு மட்டும் கூடுதலாக எரு வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை முடிந்ததும் கிளைகளை வெட்டிவிடும் முதல் பெரிய கவாத்து.