கோடி மேல பழி, ரேம் மேல குத்தம்: ஒரு டிவி கம்ப்யூட்டரோட ரெண்டு மாச அலைச்சல்

முதல்லயே சொல்லிடறேன், கீழ வரைக்கும் படிக்காம போறவங்களுக்கு. ரேமை கிட்டா, அதாவது ரெண்டு ஸ்டிக் சேர்ந்த ஜோடியா வாங்கியிருந்தீங்கன்னா, வாரண்டிக்குப் போகும்போது ரெண்டு ஸ்டிக்கையும் எடுத்துட்டுப் போங்க. ஒண்ணுதான் கெட்டிருக்குன்னு ராத்திரி பூரா முழிச்சு உக்காந்து கண்டுபிடிச்சிருந்தாலும் சரி, ரெண்டும். பில்லு எழுத்து அழியறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வைங்க. இந்த ரெண்டு விஷயம் தெரியாததால எனக்கு மூணு அரைநாள் லீவு போச்சு.

நம்ம வீட்டு எச்டிபிசி, அதான் டிவியோட சேத்து வச்சு படம் பாக்கற கம்ப்யூட்டர், 2019-ல பெங்களூரு எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைகள்ல பார்ட் பார்ட்டா பொறுக்கி நானே அசெம்பிள் பண்ணது. எட்டாம் தலைமுறை ஐ3, தனி கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் கிடையாது, 8 ஜிபி ரேம் ரெண்டு, விண்டோஸ் 10, அதுல படம் போடற சாஃப்ட்வேர் கோடி. அல்சூர்ல டிவி ஸ்டாண்டுக்குக் கீழ அஞ்சு வருஷமா சத்தம் போடாம கிடந்துச்சு. ஹார்ட் டிஸ்க் பூரா அப்பாவோட கறுப்பு வெள்ளை படங்கதான், ராத்திரி சாப்பிட்டதும் ஒரு படம் போட்டு உக்காந்தாருன்னா வீடே நிம்மதி.

2024 ஏப்ரல்ல கோடி 21 வந்துச்சு, ஒமேகா. நமக்குத்தான் கை சும்மா இருக்காதே, வந்த வாரமே அப்டேட் பண்ணேன். மூணாவது நாள் படம் ஓடிட்டிருக்கும்போதே டப்புன்னு மூடிக்கிச்சு, டெஸ்க்டாப் தெரியுது. "என்னடா, போயிடுச்சு"ன்னு அப்பா. திரும்பத் திறந்து விட்ட இடத்துலேருந்து போட்டேன். மறுநாள் மறுபடி. அடுத்த நாள் ஒண்ணும் ஆகல. அதுக்கடுத்த நாள் ரெண்டு தடவ.

அப்டேட் பண்ணோம், அப்புறம் போச்சு, அப்போ அப்டேட்தான் காரணம். வேற என்ன யோசிப்பீங்க? பழைய 20-க்கு இறங்கினேன். இதுல ஒரு விஷயம், கோடி புது வெர்ஷனுக்குப் போகும்போது லைப்ரரி டேட்டாபேஸை புதுசா ஒரு ஃபைலா எழுதிக்கும், பழைய ஃபைலைத் தொடாது. அதனால 20-க்கு இறங்கினதும் அப்டேட்டுக்கு முந்தின நாள் லைப்ரரி அப்படியே வந்து நிக்குது, நடுவுல அப்பா பாத்து முடிச்ச படத்துக்கெல்லாம் டிக் மார்க் காணோம். "நான் பாத்ததையே பாக்காதவன்னு சொல்லுது உன் பொட்டி"ன்னு ஒரு கோவம். சரி அதாவது போகட்டும்னா, அன்னிக்கு ராத்திரியே 20-ம் கிராஷ்.

அப்புறம் எல்லாரும் சொல்ற எல்லாத்தையும் செஞ்சேன். ரோமிங் ஃபோல்டர்ல இருக்கற கோடி ஃபோல்டருக்குப் பேர் மாத்தி புதுசா ஆரம்பிச்சேன், ஆட்-ஆன் ஒண்ணு விடாம தூக்கினேன், டிஸ்ப்ளே டிரைவரை சுத்தமா எடுத்துட்டு திரும்பப் போட்டேன், ஹார்டுவேர் ஆக்ஸலரேஷனை ஆஃப் பண்ணேன் (4கே படம் நொண்டி அடிச்சுது, கிராஷ் மட்டும் நொண்டாம வந்துச்சு), ரிஃப்ரெஷ் ரேட் மாத்தறதை நிறுத்தினேன், எச்டிஎம்ஐ கேபிள் மாத்தினேன். ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாள் ஒழுங்கா ஓடும், ஆஹா புடிச்சுட்டோம்னு காலரைத் தூக்கி விட்டுக்குவேன், மூணாவது நாள் டப்பு. இந்த ரெண்டு நாள் நிம்மதிதான் பெரிய சனியன், அதை நம்பித்தான் மூணு வாரம் போச்சு.

நடுவுல வெயில். அந்த ஏப்ரல் ஞாபகம் இருக்கும், பெங்களூருல 38 டிகிரி தாண்டுச்சு, தண்ணி லாரிக்கு க்யூல நின்னோம். சூடுதான் காரணம்னு முடிவு பண்ணி, தெர்மல் பேஸ்ட்டும் ஒரு ஃபேனும் வாங்கலாம்னு ஏப்ரல் 26 கிளம்பினேன். எலெக்ஷன் நாள், ஆபீஸ் லீவு, காலைல ஓட்டு போட்டாச்சு, விரல்ல மையோட மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்ல மாறி சிக்பேட்டைல இறங்கி நடந்தா முக்காவாசி கடை ஷட்டர் இறங்கிக் கிடக்கு. எனக்கு லீவுன்னா கடைக்காரனுக்கும் லீவுதானேன்னு ஏன் தோணலன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. ஒரு கரும்பு ஜூஸ் குடிச்சுட்டு திரும்பி வந்தேன். அடுத்த வாரம் பேஸ்ட் வாங்கி, பிரிச்சு, தூசி ஊதி, தடவி, மாட்டி, படம் ஓடும்போது டெம்பரேச்சர் பாத்தா 60-ஐ ஒட்டியே நிக்குது. சூடே இல்ல. அன்னிக்கும் கிராஷ்.

என் வீட்டுக்காரி அதுக்குள்ள மூணு தடவ சொல்லிட்டா, "ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கி டிவி பின்னாடி சொருகினா முடிஞ்சுது, இதுக்கு இவ்ளோ ஆராய்ச்சியா?" பதில் சொல்ல முடியாத கேள்வி, அதனால சொல்லல.

திருப்பம் அப்பாகிட்டேருந்து வந்துச்சு. அவர் ஐடிஐ ஃபாக்டரில டெலிபோன் டெஸ்டிங்ல ரிடையர் ஆனவர். எனக்குத் தெரியாம, தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளுக்குப் பின்னாடி ஒவ்வொரு தடவ போனதையும் எழுதி வச்சிருக்காரு, தேதி, எத்தனை மணி, படம் ஆரம்பிச்சு எத்தனை நிமிஷம். நான் என்னமோ நாப்பது நிமிஷத்துல போகுதுன்னு மனசுல ஒரு கணக்கு வச்சிருந்தேன். தாளைப் பாத்தா 12 நிமிஷம், 55, 7, ஒரு மணி 20, ஒரு நாள் படமே போடாம மெனுவுல நிக்கும்போது. "ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்துல போகுதுன்னா செட்டைப் பாக்காத, லைனைப் பாரு"ன்னாரு. டெலிபோன் பாஷை. கேட்டுக்கிட்டேன், புரியல.

அன்னிக்கு ராத்திரி ஈவென்ட் வியூவரைத் திறந்து அப்பா தாளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா தேடினேன். விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன், ஈவென்ட் ஐடி 1000. அதுல எது விழுந்துச்சு, எந்த மாட்யூல்ல விழுந்துச்சுன்னு ரெண்டு வரி இருக்கும். நான் இத்தனை நாளும் கடைசியா வந்த ஒண்ணை மட்டும் பாத்துட்டு அதுல இருக்கற பேரைத் தேடிப் போயிட்டிருந்தேன். வரிசையா பாத்தா ஒரு நாள் விண்டோஸோட சொந்த ஃபைல் என்டிடிஎல்எல், ஒரு நாள் டிஸ்ப்ளே டிரைவர் ஃபைல், ஒரு நாள் கோடியே, ஒரு நாள் சவுண்டு. இன்னும் கீழ போனா குரோம் விழுந்திருக்கு, விண்டோஸோட எக்ஸ்ப்ளோரரும் ரெண்டு தடவ விழுந்திருக்கு, யாரும் கவனிக்கல ஏன்னா அதுவே திரும்ப எழுந்துக்கும். கோட் மட்டும் பெரும்பாலும் ஒண்ணு, அந்த சி0000005-ன்னு முடியிறது, தனக்குச் சொந்தமில்லாத மெமரியைத் தொட்டா வர்றது. ஒரே ஆள் திரும்பத் திரும்ப விழுந்தா அந்த ஆள் மேல சந்தேகப்படலாம். தெருவுல போறவன் வர்றவன் எல்லாரும் விழுந்தா ரோடுல பள்ளம்னு அர்த்தம். அப்பா சொன்ன லைன் இதுதான்.

ஆனா ரேமை நான் ஏற்கனவே டெஸ்ட் பண்ணியிருந்தேனே! ரெண்டாவது வாரமே விண்டோஸ்லயே இருக்கற மெமரி டயக்னாஸ்டிக் ஓட்டினேன், பிரச்சினை ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுச்சு, அதை நம்பித்தான் ரேமை மனசுலேருந்து அடிச்சுட்டேன். அதோட சாதா டெஸ்ட்டை நம்பாதீங்க. ஓடும்போது எஃப்1 அழுத்தி எக்ஸ்டெண்டட் மாத்தி ஓட்டலாம், இல்ல பேசாம மெம்டெஸ்ட்86 ஒரு பென்டிரைவ்ல போட்டு பூட் பண்ணுங்க. இலவச வெர்ஷன் நாலு சுத்து வரைக்கும் ஓடும், அது போதும். ராத்திரி போட்டு படுத்தேன், தூக்கம் எங்க வருது, ரெண்டு மணிக்கு எழுந்து ஹாலுக்கு வந்தா டிவி ஃபுல் ஸ்க்ரீன்ல வரிசையா எர்ரர், இருட்டுல ஹாலே ஒரு மாதிரி மின்னுது. இவ்ளோ சந்தோஷமா ஒரு எர்ரரை நான் பாத்ததில்ல. முதல் சுத்துல ஒண்ணும் இல்ல, ரெண்டாவதுலதான் ஆரம்பிச்சிருக்கு, அதனால ஒரு சுத்து பாத்துட்டு நல்லாருக்குன்னு எழுந்து போயிடாதீங்க.

ரெண்டு ஸ்டிக் இருக்கும்போது எர்ரர் அட்ரஸை வச்சு எது கெட்டதுன்னு சொல்ல முடியாது, டூயல் சேனல்ல ரெண்டுலயும் பிரிச்சுப் பிரிச்சு எழுதும். ஒவ்வொண்ணா மாட்டி, ஸ்லாட்டும் மாத்தி மாத்தி ஓட்டணும், இல்லன்னா ஸ்லாட் கெட்டதுக்கு ரேமைத் திட்டிட்டிருப்போம். நாலு ராத்திரி. ஒரு ஸ்டிக் எந்த ஸ்லாட்ல போட்டாலும் சுத்தம், இன்னொண்ணு எந்த ஸ்லாட்ல போட்டாலும் எர்ரர். நடுவுல பையனோட பென்சில் ரப்பரை எடுத்து ரேமோட தங்கப் பல்லைத் தேய்ச்சு மாட்டிப் பாத்தேன், எஸ்.பி. ரோடு வைத்தியம், நிறைய கேஸ்ல வேலை செய்யும். இதுல செய்யல. ரெண்டு நாள் ஓடிச்சு, வழக்கம்போல.

படம் பாக்கும்போதே ஏன் அதிகமா போச்சுன்னும் புரிஞ்சுது. தனி கார்டு இல்லாததால வீடியோவுக்கும் இதே ரேம்தான், ஃப்ரேம் ஃப்ரேமா அள்ளிக் கொட்டும். அந்தக் கெட்டுப்போன சீட்டுல எவன் வந்து உக்காருறானோ அவன் செத்தான், அதிகமா வந்து உக்காந்தது பாவம் கோடி.

இதுல ஒரு வயித்தெரிச்சல் இருக்கு, சொல்லிடறேன். ரேம் கெட்டிருந்தா கிராஷ் மட்டும் இல்ல, அந்த நேரத்துல காப்பி பண்ற ஃபைலும் கெடலாம், ஒரு வார்த்தையும் சொல்லாம. அந்த ஏப்ரல்ல பையன் காதுகுத்து போட்டோவெல்லாம் போன்லேருந்து இந்த சிஸ்டம் வழியா ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்தினேன். மூணு போட்டோ பாதிக்கு மேல சாம்பல் கலர். மாமா மடில பையன் அழற போட்டோல மாமா வேட்டி மட்டும் தெரியுது. போன்ல அழிச்சாச்சு.

இப்போ வாரண்டி படலம். நல்ல கம்பெனி ரேம், பேரு வேண்டாம், வாரண்டி இன்னும் இருக்கு. சர்வீஸ் சென்டர் எஸ்.பி. ரோடுக்குப் பக்கத்துல ஒரு சந்துல ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கெட்ட ஸ்டிக்கை கவர்ல போட்டு, எர்ரர் ஸ்க்ரீன் போட்டோவும் பிரிண்ட் எடுத்துட்டுப் போனேன். கவுன்டர்ல இருந்தவர் பிரிண்டைத் திரும்பிக்கூட பாக்கல. "பில்லு?" கொடுத்தேன். தெர்மல் பேப்பர், அஞ்சு வருஷத்துல வெள்ளை வெளேர்னு ஆயிடுச்சு. வெளிச்சத்துல சாய்ச்சுப் புடிச்சா 2019 மட்டும் நிழலா தெரியுது. "இது ஆகல்ல சார். பில்லு எடுத்துட்டு நாளெ பன்னி."

கன்னடத்துல நாளைக்கு வாங்கன்னு அர்த்தம். இந்த "நாளெ பன்னி"யை தமிழ்க் காதுல கேக்கும்போதே பாதிப் பேருக்கு கோவம் வரும், விடுங்க. 90-கள்ல கர்நாடகாவுல பேய்க்கு பயந்து வீட்டுக் கதவுல "நாளெ பா", நாளைக்கு வான்னு எழுதி வச்சாங்க, பேய் வந்து படிச்சுட்டு சரி நாளைக்கு வரலாம்னு போயிடுமாம். அந்த சென்டர் வாசல்லயும் அதை எழுதி வச்சுட்டா எங்களை மாதிரி ஆளுங்களுக்கு மாடி ஏற வேலை மிச்சம்.

ரேம் வாங்கின கடைக்குப் போனேன், பழைய இடத்துல இல்ல, நாலு கடை தள்ளி பேஸ்மெண்ட்டுக்கு மாறியிருக்கு. "பில்லெல்லாம் எங்க சார் வச்சிருப்போம் அஞ்சு வருஷம்"னு இழுத்தாரு. டேலில, அதான் கடைக் கணக்கு எழுதற சாஃப்ட்வேர்ல இருக்குமே, என் போன் நம்பர் போட்டுப் பாருங்கன்னு கேட்டேன். அரை மனசோட தட்டினாரு, வந்துடுச்சு! சீரியல் நம்பரோட. பத்து ரூபா கூட வாங்காம பிரிண்ட் போட்டு சீல் அடிச்சுக் கொடுத்தாரு. கடையில பில் போடும்போது போன் நம்பர் கேட்டா கொடுங்க, விளம்பர மெசேஜ் நாலு வந்தாலும் பரவால்ல.

அடுத்த வாரம் இன்னொரு அரைநாள் லீவு. பில்லு சரி, சீரியல் சரி, அப்புறம் ஸ்டிக்கை இப்படி அப்படி திருப்பிப் பாத்துட்டு, "சார் இது கிட் சார். எரடூ பேக்கு." ரெண்டும் வேணுமாம். ஜோடியா வித்ததை ஜோடியாத்தான் மாத்துவாங்களாம். இதை போன வாரம் இதே ஸ்டிக்கை இதே கைல வச்சுக்கிட்டு சொல்லியிருக்கக் கூடாதா? கேட்டேன். "போன வாரம் பில்லே இல்லியே சார்"ங்கறாரு. பதில்ல தப்பே கண்டுபிடிக்க முடியாது, அதான் எரியுது.

மூணாவது தடவ ரெண்டையும் கொடுத்தேன், ஐடி ஜெராக்ஸ் கேட்டு கீழ இறங்கி ஏறினேன், வாங்கிக்கிட்டாங்க. ஸ்டிக்கர் கிழிஞ்சிருந்தா எடுக்க மாட்டாங்க, சுத்தம் பண்றேன்னு உரிச்சுடாதீங்க. 15 வேலை நாள். ரெண்டையும் கொடுத்துட்டா வீட்ல கம்ப்யூட்டரே இல்லயேன்னு இறங்கும்போதுதான் உறைச்சுது, பழைய 4 ஜிபி ஒண்ணு 700 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்து மாட்டினேன். அந்த 4 ஜிபில படம் ஒரு தடவ கூட விழல.

ஜூன்ல மெசேஜ் வந்துச்சு, போனேன், லஞ்ச் டைம், ஒரு மணி நேரம் படிக்கட்டுல உக்காந்தேன், வாங்கிட்டு வந்தேன். அன்னிக்கு ராத்திரி நாலு சுத்தும் ஓட்டினேன், ஜீரோ. பேர் மாத்தி வச்ச கோடி ஃபோல்டருக்குப் பழைய பேரையே வச்சு, கோடி 21-ஐ திரும்பப் போட்டேன், அன்னிக்குக் காணாம போன டிக் மார்க் எல்லாம் வந்துடுச்சு.

அப்பா நம்பல. அடுத்த ஒரு வாரம் பேனாவும் காலண்டர் தாளும் சோஃபா கைப்பிடி மேலயே இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலைல தாளைக் குப்பைல போடலாம்னு எடுத்துப் பாத்தா கடைசி வரில அவர் கையெழுத்து: "இரவு 10-40. முழுசாக ஓடியது. படம் சுமார்."