இன்னும் 29 நாள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் நேற்று ஒரு நோயாளிக்கு ரத்தம் கொடுக்கப் பாண்டிச்சேரி வரை போய், கொடுக்காமலே திரும்பி வந்தான். போன தடவை கொடுத்து 61 நாள்தான் ஆகியிருந்தது. "உடம்பு நல்லாத்தானே இருக்கு அண்ணே, ஏன் வேண்டாங்கிறாங்க?" என்று கேட்டான். முகம் வாடிப்போயிருந்தது. எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது.

கொடுத்த ரத்தத்தின் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்கள் தேற நாலைந்து வாரம் ஆகும். இரும்புச்சத்துதான் பாடாய்ப் படுத்தும். 450 மில்லி கொடுத்தால் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு போய்விடுகிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வதோ ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம். அதனால்தான் நம் நாட்டில் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. மாதவிடாயிலும் இரும்பு போகிறதே, பெண்களுக்குக் கூடுதல் நாள் வேண்டும்தான். நாள் கணக்கு சரியாக இருந்தாலும் ரத்தத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12.5 கிராமாவது இருக்க வேண்டும்.

சரி, அவன் வீட்டு காலண்டரில் 90ஆவது நாளைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டு வந்தேன். அவன் அம்மா அப்போதே முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்துவிட்டார்.

அந்த நோயாளிக்கு இன்னும் ஒரு யூனிட் ஓ நெகட்டிவ் வேண்டும். கடலூர், பாண்டி நண்பர்களில் இந்த இடைவெளி நாள் முடிந்தவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள்.