சுழியம் என்ற விடை

ஆய்வு மாணவனாக நான் சேர்ந்தபோது திண்ம ஹீலியத்தைப் பற்றித்தான் எங்கும் பேச்சு. 2004இல் பென்சில்வேனியாவில் மோசஸ் சானும் உன்சியோங் கிம்மும் அதை ஒரு முறுக்கு ஊசலில், அதாவது இடமும் வலமுமாக முறுக்கி ஆடும் கருவியில், வைத்து ஆட்டினார்கள். 0.2 கெல்வின் அளவுக்குக் குளிர்ந்ததும் அலைவு நேரம் குறைந்தது. திடப்பொருளில் சிறு பங்கு, ஆட்டத்தில் சேராமல் உராய்வின்றி நின்றுவிட்டதுபோல!

என் வேலை கணினியில். அந்தக் கணக்கில் ஒவ்வொரு அணுவும் ஒரு மணிச்சரம். குளிரக் குளிரச் சரம் நீளும். ஹீலியம் அணுக்களுக்குள் வேறுபாடே கிடையாது என்பதால் சரங்கள் நுனி மாற்றிப் பின்னிக்கொள்ளலாம். அப்படிப் பின்னியவை பெட்டியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை சுற்றி வந்தால் அது மீப்பாய்மம், உராய்வே இல்லாமல் பாயும் பொருள். எத்தனை முறை சுற்றின என்று எண்ணுவதுதான் கணக்கின் உயிர்.

ஒரு நாள் காலை, திண்ம ஹீலியத்துக்கு அந்த எண்ணிக்கை பதிவாகும் பத்தியில் சுழியம் அல்லாத எண்கள் வந்திருந்தன. தாளோடு பேராசிரியரிடம் ஓடினேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: "எந்த நிலையிலிருந்து தொடங்கினாய்?"

திரவத்திலிருந்து தொடங்கி ஒரே அடியாகக் குளிர்வித்திருந்தேன். அணுக்களைத் திரையில் வரைந்து பார்த்தேன். வரிசையே இல்லை, கண்ணாடிபோல உறைந்த குழப்பம். ஒழுங்கான படிகத்திலிருந்து மீண்டும் ஓட்டினேன். பத்தி முழுக்கச் சுழியம்.

அந்தச் சுழியத்தை நம்புவது அவ்வளவு எளிதாக இல்லை. சரங்களை மாற்றிக் கோக்கவே என் நிரலுக்குத் தெரியவில்லை என்றாலும் சுழியம்தானே வரும்? அதே நிரலைத் திரவ ஹீலியத்தில் ஓட்டினேன். திரவம் உண்மையில் மீப்பாய்மமாகும் 2.17 கெல்வினுக்குக் கீழே எண் ஏறத் தொடங்கியது. அன்றிரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன். பழுதற்ற படிகம் பாயாது என்று வேறு குழுக்களின் கணக்குகளும் சொல்லிக்கொண்டிருந்தன.

2007இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் டே, பீமிஷ் என்ற ஆய்வாளர்கள், அதே வெப்பநிலையில் திண்ம ஹீலியம் விறைப்பாகிறது என்று அளந்து காட்டினார்கள். ஊசல் வேகமாக ஆட அந்த விறைப்பே போதும். 2012இல் சானே, டக் யங் கிம் என்ற வேறொரு கிம்மோடு சேர்ந்து, விறைப்பு குறுக்கிடாதபடி ஊசலைப் புதிதாக வடிவமைத்து அளந்தார். பழைய அடையாளம் மறைந்துவிட்டது. தன் கண்டுபிடிப்பைத் தானே சோதித்து விலக்கிய அந்தக் கட்டுரையை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று தெரியாது.

இப்போது என்னிடம் வரும் மாணவர்கள் படிகத்தைத் தொடுவதற்கு முன், திரவ ஹீலியத்தில் அந்த எண் ஏறுவதைக் காட்டச் சொல்கிறேன்.